கிரீன் டீ: மாணவர்களுக்கு எதைச் சொல்லிக்கொடுப்பது?

ஜப்பானில் கியோட்டோவை அடுத்த ஊஜி நகரம் தேயிலைக்குப் பேர்போனது. அங்குள்ள சில தொடக்கப் பள்ளிகளில் தண்ணீர்க் குழாய்களோடு கிரீன் டீ வரும் குழாயும் உண்டு. ஷிசுவோக்கா மாகாணம் ஒரு படி மேலே போய், பள்ளிப் பிள்ளைகளிடம் உள்ளூர்த் தேநீர் குடிக்கும் பழக்கத்தை வளர்க்க 2016-இல் தனிச் சட்டமே இயற்றியது. தேயிலை விற்பனையும் உடல்நலமும் இப்படிக் கைகோக்கும்போது, நன்மைகளோடு அவற்றின் எல்லையையும் சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

இலை ஒன்றே

நாம் குடிக்கும் வழக்கமான டீயும் கிரீன் டீயும் ஒரே செடியின் இலைதான். இலையைக் கசக்கிக் காற்றுப்பட விட்டால் நொதிகள் வேலைசெய்து அது கறுத்துவிடும். ஜப்பானில் பறித்த கையோடு ஆவியில் அவித்து நொதிகளை முடக்கிவிடுவார்கள். அதனால் பச்சை நிறமும் கேட்டச்சின் என்ற சேர்மங்களும் பெரும்பாலும் அப்படியே தங்குகின்றன.

ஆய்வு சொன்னது என்ன?

மியாகி மாகாணத்தில் 40 முதல் 79 வயது வரையிலான 40,530 பேரைப் பின்தொடர்ந்த ஓசாக்கி ஆய்வு 2006-இல் வெளியானது. தினமும் ஐந்து கோப்பையோ அதற்கு மேலோ குடித்தவர்களிடம், ஒரு கோப்பைகூடக் குடிக்காதவர்களைவிட இதய, ரத்தநாள நோய் மரணங்கள் குறைவு: ஆண்களில் 22 சதவீதம், பெண்களில் 31 சதவீதம். புற்றுநோய் மரணங்களில் அப்படி எந்தக் குறைவும் தெரியவில்லை. ஆட்களைக் கவனித்துக் கணக்கெடுத்த ஆய்வு என்பதால், தேநீர்தான் காரணம் என்று அடித்துச் சொல்லவும் முடியாது. தவிர, அது பெரியவர்களைப் பற்றியது.

வகுப்பில் ஒரு சோதனை

இரும்புச்சத்து மாத்திரையைப் பொடித்து ஒரு தம்ளர் கிரீன் டீயில் கலக்கினால், இளம்பச்சை கருமையாகிவிடும். தேநீரிலுள்ள பாலிஃபீனால்கள் இரும்பைப் பிடித்துக்கொள்வதன் அடையாளம் அது. குடலிலும் இப்படிப் பிடித்துக்கொள்வதால் கீரை, பருப்பிலுள்ள இரும்பு உடலில் சேர்வது குறைகிறது. நம் பள்ளிகளில் வாராவாரம் இரும்புச்சத்து மாத்திரை வாங்கும் மாணவிகளுக்கு இந்தச் சோதனை உடனே புரியும். சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் ஒரு மணி நேரமாவது தள்ளித்தான் டீ.

பெரிய கோப்பை ஒன்றில் சுமார் 30 மில்லிகிராம் காஃபின் இருப்பதால் பிள்ளைகளுக்கு இரவில் வேண்டாம். கிரீன் டீ சாறு அடைத்த மாத்திரைகளோ யாருக்குமே எச்சரிக்கைக்குரியவை. கேட்டச்சின்களில் முக்கியமான ஈஜிசிஜி, மாத்திரை வழியாக நாளுக்கு 800 மில்லிகிராமோ அதற்கு மேலோ போனால் கல்லீரலைப் பாதிக்கலாம் என ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் எச்சரித்தது. கிரீன் டீ நல்ல பானம், மருந்து அல்ல.