தேங்கி நிற்கும் கொழுப்பு



1882ஆம் ஆண்டில், பிரான்சு நாட்டிலே மருத்துவம் பயின்றுகொண்டிருந்த பிலிப்பு கோஷே என்பவர், 32 வயதுப் பெண்ணொருத்தியின் மண்ணீரல் அளவுமீறி வீங்கியிருக்கக் கண்டார். அதிலிருந்த பருத்த கலங்களைப் பார்த்து, அது புற்றுநோயென்றே கருதினார். உண்மையில் அது, சிதைய வேண்டிய பொருளொன்று சிதையாது தேங்கியதால் வந்த நோயாகும்.

மனிதனின் செங்குருதிக் கலத்தின் ஆயுள் ஏறக்குறைய 120 நாட்கள். முதிர்ந்த கலங்களை மண்ணீரல், ஈரல், என்பு மச்சை ஆகியவற்றிலுள்ள வேறு சில கலங்கள் விழுங்கிச் சீரணிக்கின்றன. அப்பொழுது, வெல்லத்தோடு பிணைந்த கொழுப்புப் பொருளொன்று எஞ்சுகிறது. அதனைக் குளுக்கோசு என்றும் செரமைட்டு என்றும் இரண்டாகப் பிரிப்பதே குளுக்கோசெரிபுரோசிடேசு என்னும் நொதியத்தின் வேலை.

இந்நொதியம் குறைந்தால், நெல் வந்து குவியக் குற்றுவாரில்லாத வீட்டின் நிலையே அக்கலங்களுக்கும் ஏற்படும். வயிறு புடைக்கும், குருதி குன்றிச் சோர்வு உண்டாகும், என்புகள் நோவெடுத்து எளிதில் முறியும்.

இது தொற்றுநோயன்று. தாய், தந்தை இருவரிடமிருந்தும் குறையுள்ள பரம்பரையலகைப் பெறும் பிள்ளைக்கே வருவது. அத்தகைய பெற்றோர் பெரும்பாலும் நலமாகவே இருப்பர். அவர்களுடைய ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. ஆகவே, தாயின் உணவையோ நடத்தையையோ குறைகூறுதல் பொருந்தாது.

நொதியக் குறைவே காரணமென்பதை 1965இல் அமெரிக்க அறிஞர் உரொசுக்கோ பிரேடியும் அவர் குழுவினரும் கண்டறிந்தனர். நொதியத்தை வெளியிலிருந்து கொடுத்தபோது, அது சேரவேண்டிய கலங்களைப் போதியளவு சேரவில்லை. பின்னர், அந்நொதியத்தில் இணைந்துள்ள வெல்லச் சங்கிலிகளின் நுனியை அகற்றி, மன்னோசு என்னும் வெல்லம் வெளித்தெரியச் செய்தனர். விழுங்கும் கலங்கள் அதனை இனங்கண்டு உள்ளே ஏற்றன. மகப்பேற்றின்பின் கழிக்கப்படும் நச்சுக்கொடியிலிருந்து பெறப்பட்ட இம்மருந்து 1991இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பிற்காலத்தில், ஆய்வுகூடத்தில் வளர்க்கும் கலங்களிலிருந்தே நொதியம் ஆக்கப்பட்டது.

இம்மருந்து நோயை வேரோடு களைவதில்லை. பொதுவாக இரு வாரங்களுக்கொருமுறை நாளத்தினூடாக ஏற்றவேண்டும். விலையும் மிக அதிகம். மூளையில் நேரும் பாதிப்பை அது நீக்காது. ஆயினும், வீங்கிய மண்ணீரல் சுருங்குகிறது. சோர்ந்து கிடந்தவர் எழுந்து நடமாடுகிறார். மண்ணீரல் வீக்கத்துக்குக் காரணங்கள் பல. வேறு காரணம் புலப்படாதவிடத்து, குருதிப் பரிசோதனையால் இந்நொதியத்தின் அளவை அறியலாம். காலத்தோடு அறிவதே என்புகளைக் காக்கும் வழியாகும்.