ஜாஸ் தெரியாது, சாக்ஸபோன் தெரியும்

பரளச்சி, திருச்சுழி, அருப்புக்கோட்டை வட்டாரத்துக் கரிசல் ஊர்களில் ஜாஸ் கச்சேரி கேட்டவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆனால், 1994-இல் வந்த ‘டூயட்’ படத்தின் சாக்ஸபோனுக்கு உருகாதவர்கள் குறைவு. வாய்விட்டுக் காதலைச் சொல்லத் தயங்கும் நாயகனுக்காக அந்தக் குழல்தான் பேசியது. திரையில் ஊதியவர் பிரபு. உண்மையில் வாசித்தவர் கத்ரி கோபால்நாத்.

தட்சிண கன்னடத்துக்காரரான அவருடைய அப்பா நாகஸ்வர வித்வான். மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைக் கேட்டுச் சொக்கிப்போன கோபால்நாத், அதில் கர்னாடக சங்கீதம்தான் வாசிப்பேன் என்று பிடிவாதமாக நின்றார். சென்னையில் சங்கீத வித்வான் டி.வி. கோபாலகிருஷ்ணன் அவரைப் பட்டை தீட்டினார். 1980-இல் பம்பாய் ஜாஸ் விழாவில் அவர் வாசித்ததைக் கேட்ட கலிபோர்னிய ஜாஸ் கலைஞர் ஜான் ஹேண்டி, தானும் அவரோடு மேடையேறலாமா என்று கேட்டார். இருவரும் சேர்ந்து வாசித்ததைக் கூட்டம் கொண்டாடித் தீர்த்தது.

ஜாஸ் பழக்கமே இல்லாத காதுக்கு இந்த ஒலி எப்படி நெருக்கமானது?

பாதி விடை குழாயிலேயே இருக்கிறது. பெல்ஜியத்துக்காரர் அடால்ஃப் சாக்ஸ் 1846-இல் காப்புரிமை பெற்ற இந்தக் கருவி பித்தளையால் ஆனது. ஆனாலும் ஒலியைப் பிறப்பிப்பது நாணல் பட்டைதான். குழாயும் நாயனம்போலவே போகப்போக விரியும். கோயில் பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும் நாயனம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது அந்நியக் குரலாகப் படவில்லை. வித்தியாசம் விரலில். நாயனக்காரர் விரலாலேயே துளையை மூடித் திறப்பார். சாக்ஸபோனில் விரல் துளையைத் தொடவே தொடாது; விசைதான் மூடும். ஆகவே கமகத்துக்கு உதடும் மூச்சும் கூடுதலாக உழைக்க வேண்டும். கருவியிலும் சில மாற்றங்கள் செய்துதான் கோபால்நாத் அதை வசப்படுத்தினார்.

மீதி விடை கேட்பவரிடம். லாரா-லீ பால்க்வில், வில்லியம் தாம்சன் இருவரும் 1999-இல் வெளியிட்ட ஆய்வில், ஹிந்துஸ்தானி ராகங்களோடு பழக்கமில்லாத மேல்நாட்டவர்களுக்கு அவற்றைப் போட்டுக்காட்டினார்கள். மகிழ்ச்சி, சோகம், கோபம் மூன்றையும் அவர்களால் உணர முடிந்தது, சாந்தம்தான் பிடிபடவில்லை. வேகமும் மெட்டின் பின்னலும் எந்த ஊர்க் காதுக்கும் குறிப்புக் கொடுக்கின்றன. அதற்கு மேல் உள்ளதைப் பழக்கம்தான் சொல்லிக்கொடுக்கிறது.

உருக்கம் பக்தியாகவே முற்றியதும் உண்டு. 1965-இல் சான் பிரான்சிஸ்கோவில் ஜாஸ் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் சாக்ஸபோனைக் கேட்ட பிரான்சோ கிங்கும் அவர் மனைவியும் அதைத் தெய்வ அனுபவமாகவே எடுத்துக்கொண்டார்கள். பின்னர் கோல்ட்ரேன் பெயரில் ஒரு தேவாலயமே எழுந்தது. அந்த கோல்ட்ரேனோ இந்திய இசையில் மனம் பறிகொடுத்தவர். சிதார் கலைஞர் ரவிசங்கரின் பெயரையொட்டி மகனுக்கு ரவி என்று பெயரிட்டார்.

கோபால்நாத் 2019 அக்டோபரில் காலமானார். அவருடைய சொந்த வட்டாரத்தில் இன்று கோயில்களிலேயே சாக்ஸபோன் ஒலிக்கிறது. நம் பக்கமோ கதை வேறு: வரவேற்பு மேடையில் அதற்குத் தாராளமாக இடம் கொடுப்பவர்கள்கூட, தாலி கட்டும் நேரத்துக் கெட்டிமேளத்துக்கு நாயனத்தையும் தவிலையும்தான் கூப்பிடுகிறார்கள்.