வாயில் தோன்றும் நரம்புக் கழலைகள்

நாக்கிலோ உதட்டிலோ வழவழப்பான சிறு கட்டியொன்று தோன்றுகிறது. வலியில்லை, புண்ணுமில்லை. அதைக் கண்டு புற்றுநோயென அஞ்சி மனந் தளர்வோர் உண்டு. வலியில்லை என்ற காரணத்தால் ஆண்டுக்கணக்கில் வாளாவிருப்போரும் உண்டு. இவ்விரண்டும் தவறாகும். இத்தகைய கட்டிகளுள் ஒருசில, நரம்பிலிருந்து தோன்றும் தீங்கற்ற கழலைகளாக இருத்தல் கூடும்.

நரம்பு இழைகளைப் போர்த்தியிருக்கும் உறையணுக்கள், அவற்றை விவரித்த ஜெர்மானிய விஞ்ஞானி தியோடார் ஷ்வான் பெயரால் வழங்குகின்றன. இவ்வணுக்கள் பெருகி உண்டாகும் கழலை 'ஷ்வானோமா' எனப்படும். இதனை 1910இல் வெரோகே என்பவர் தனி வகையாக விவரித்தார். வாயில் இது அரிது. தோன்றினால் பெரும்பாலும் நாக்கிலேயே தோன்றும். மெல்லிய உறைக்குள் அடங்கி, மெதுவாக வளரும்.

'நியூரோபைப்ரோமா' என்னும் மற்றொரு வகைக்குத் தெளிவான உறை இராது. நரம்பிழைகள் கழலையினூடே கலந்திருக்கும். மூன்றாவது வகை உண்மையான கழலையன்று. பல் பிடுங்கும்போதோ, காயத்தாலோ அறுந்த நரம்பு, மீண்டும் வளர முயன்று முடிச்சிட்டுக் கொள்வதே அது. இதைத் தொட்டால் வலிப்பதுண்டு.

கண்ணால் பார்த்து மட்டும் இவற்றைப் பிரித்தறிய இயலாது. உமிழ்நீர்க் கட்டி, நார்க்கட்டி, கொழுப்புக் கட்டி ஆகியனவும் இதே தோற்றங் கொள்ளும். எனவே கட்டியின் ஒரு பகுதியையோ, சிறிதாயின் முழுவதையுமோ எடுத்து மைக்ராஸ்கோப்பின் கீழ் சோதித்தல் இன்றியமையாதது. எஸ்-100 என்னும் புரதத்தைக் காட்டும் சாயச் சோதனை, அணுக்களின் பிறப்பிடத்தை உறுதிசெய்ய உதவும். பெரிய கட்டியின் ஆழத்தை அறிய எம்.ஆர்.ஐ. படம் பயன்படும்.

பெயர் தெரிந்தால்தான் சிகிச்சை முறை தெளிவாகும். ஷ்வானோமாவை உறையோடு பெயர்த்தெடுத்து, நரம்பைப் பெரும்பாலும் காப்பாற்றலாம். முழுதும் நீக்கினால் மீண்டும் வருவது அரிது. நியூரோபைப்ரோமாவை நீக்கும்போது நரம்பின் ஒரு பகுதியை இழக்க நேரலாம்; சில சமயம் அது திரும்பவும் தோன்றும்.

ஆசிரியர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. ஒரு குழந்தையின் நாக்கு நுனியிலும் உதடுகளிலும் சிறு முடிச்சுகள் பல காணப்பட்டு, உதடுகள் தடித்திருந்தால், அது 'ரெட்' என்னும் ஜீனின் மாறுதலால் வரும் அரிய நோயின் அடையாளமாகலாம். அம்முடிச்சுகள் தீங்கற்றவை, ஆனால் அந்நோயுள்ள குழந்தைக்குத் தைராய்டுச் சுரப்பியில் புற்றுநோய் இளமையிலேயே தோன்றக்கூடும். முன்னரே கண்டறிந்து அச்சுரப்பியை நீக்கினால் உயிர் காக்கலாம். அவ்வாறே, தோலில் பால்காப்பி நிறப் புள்ளிகள் ஆறோ அதற்கு மேலோ உள்ள குழந்தையின் வாயில் கட்டி தோன்றினால், 1882இல் ரெக்லிங்ஹௌசன் விவரித்த பரம்பரை நரம்பு நோயை ஐயுற வேண்டும்.

பெங்களூரில் புலிகேசி நகர் என்றும் வழங்கும் பிரேசர் டவுன் வாசிகளுக்கு இச்சோதனை எட்டாததன்று. அடுத்துள்ள குக் டவுனில் எம். ஆர். அம்பேத்கர் பல் மருத்துவக் கல்லூரியும், நகரின் கோட்டைப் பகுதியில் விக்டோரியா ஆஸ்பத்திரி வளாகத்தில் அரசாங்கப் பல் மருத்துவக் கல்லூரியும் உள்ளன. மற்ற ஊர்களிலும் அருகிலுள்ள பல் மருத்துவக் கல்லூரியை நாடலாம்.

இரண்டு வாரங்களுக்கு மேல் மறையாத எந்தக் கட்டியையும் மருத்துவரிடம் காட்டும்படி வற்புறுத்துதல் களப்பணியாளரின் கடமை. புகையிலை மெல்லுவோரிடத்தில் சிறிதும் தாமதம் கூடாது. கட்டியைக் கீறுவதும், சுடுவதும், மருந்து வைத்துக் கட்டுவதும் விலக்கத் தக்கன. எடுத்த கட்டி எதுவாயினும், அதைச் சோதனைக்கு அனுப்பாமல் எறிந்துவிடலாகாது.