பறக்க ஆசையா, படையில் சேர ஆசையா?



படிவம் ஐந்தை முடிக்கும் நம் பிள்ளைகளில் சிலர், "ஆகாயப்படை விமானி ஆகப் போகிறேன்" என்கிறார்கள. ஈப்போவிலும், சுங்கை சிப்புட், பத்து காஜா பக்கத்துப் பழைய தோட்டங்களிலிருந்து வந்த குடும்பங்களிலும் இதற்கு இரண்டு பதில்களே கிடைக்கின்றன. "ஆபத்தான வேலை, வேண்டாம்" என்பது ஒன்று. "செலவில்லாமல் பைலட் ஆகலாம், போ" என்பது மற்றொன்று. இரண்டாவதுதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது.

தனியார் பள்ளியில் வணிக விமானி உரிமம் பெறச் சில இலட்சம் ரிங்கிட் ஆகும். சேமநிதிப் பணமெல்லாம் அதில் கரைந்துவிடும். 2020-இல் பெருந்தொற்றின்போது அனுபவமுள்ள விமானிகளே வேலை இழந்ததைக் கண்டோம். ஆகாயப்படையோ தானே செலவு செய்து பயிற்சி தருகிறது. அதற்கு ஈடாகப் பல ஆண்டுகள் கட்டாயப் பணி உண்டு. எத்தனை ஆண்டுகள், பாதியில் விலகினால் என்ன கட்ட வேண்டும் என்பதைப் படித்த பிறகே கையெழுத்திட வேண்டும்.

1958 ஜூன் 1-இல் தொடங்கப்பட்ட நம் ஆகாயப்படையில் விமானி முதலில் ஓர் இராணுவ அதிகாரி. அணிவகுப்பு, கட்டளை, இடமாற்றம் எல்லாம் அதில் அடங்கும். அடிப்படைப் பறத்தல் பயிற்சி அலோர் ஸ்டாரில், பிலாட்டஸ் பி.சி.-7 விமானத்தில் நடக்கிறது. அதில் தேறாதவர் வேறு பிரிவுக்கு மாற நேரிடும். தேறியவரும் ஜெட், சரக்கு விமானம், ஹெலிகாப்டர் ஆகியவற்றில் எதற்குப் போவது என்பதைத் தாமே முடிவு செய்ய இயலாது. படையின் தேவையும் அவரது திறமையும் முடிவு செய்யும். 2014 டிசம்பர் கிளந்தான் பெருவெள்ளத்தில் ஹெலிகாப்டர் ஓட்டியவர்கள் செய்த பணி எந்தப் போர் விமானிக்கும் குறைந்ததன்று. ஆனால் சுகோய் கனவோடு மட்டும் போகும் பிள்ளைக்கு அது ஏமாற்றமாகத் தோன்றலாம். "பறக்கவே முடியாமல் போனாலும் படையில் இருப்பாயா?" என்று மகனிடம் கேட்டுப் பாருங்கள்.

ஆபத்தை மறைக்க வேண்டியதில்லை. 2021 நவம்பரில் பட்டர்வொர்த்தில் ஹாக் விமானம் விழுந்து ஒரு விமானி உயிரிழந்தார். 2025 ஆகஸ்டில் குவாந்தானில் எஃப்-18 விழுந்தபோது இருவரும் இருக்கையோடு வெளியேறி உயிர் தப்பினர். போர் விமானம் வேகமாகத் திரும்பும்போது புவியீர்ப்பைப் போல் 9 மடங்கு விசைகூட உடலை அழுத்தலாம். 60 கிலோ எடையுள்ளவர் 540 கிலோ கனப்பதுபோல் உணர்வார். தலையிலிருந்து இரத்தம் இறங்கி மயக்கம் வராமலிருக்கவே காலையும் வயிற்றையும் இறுக்கும் தனி உடை.

"நம்மவரை மேலே வர விடுவார்களா?" என்று கேட்போர் உண்டு. கே. தனபாலசிங்கம் 1967-இல், 31 வயதில், நம் கடற்படைக்கே தலைவரானார். பெண் பிள்ளைகளையும் தடுக்காதீர்கள். சபாவின் பெட்ரீசியா யாப் மிக்-29 ஓட்டியவர்.

கணிதம், அறிவியல், ஆங்கிலம், மலாய் ஆகியவற்றில் நல்ல தேர்ச்சி வேண்டும் என்பது பலருக்கும் தெரியும். கண்ணைத்தான் மறந்துவிடுகிறார்கள். விமானத்தின் இடது இறக்கையில் சிவப்பு விளக்கு, வலது இறக்கையில் பச்சை விளக்கு. இரவில் இந்த நிறங்களை வைத்தே எதிர் விமானம் எந்தப் பக்கம் திரும்பியுள்ளது என்று அறிகிறார்கள். நிறக்குருடு உள்ளவர் இங்கேயே நின்றுவிடுவார். இக்குறை பெரும்பாலும் தாய்வழியாக ஆண் பிள்ளைகளுக்கு வருகிறது. வீட்டில் யாருக்கும் தெரியாமலே இருக்கலாம். புள்ளிகளுக்குள் எண்ணைக் கண்டுபிடிக்கும் சோதனை சில நிமிடமே. படிவம் மூன்றிலேயே கண் மருத்துவரிடம் செய்துவிடுங்கள். தாய்மாமனுக்கு இக்குறை இருந்தால் அதற்கும் முன்பே.