வெளிநாட்டில் மருத்துவப் படிப்பு: கல்லூரியை எப்படித் தெரிவு செய்வது?

ராத்தாவின் உயர்தரப் பெறுபேறு வந்த கிழமை எங்கள் வீட்டில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. மூன்று பாடமும் சித்திதான். உயிரியலில் ஒரு பீ, மற்ற இரண்டிலும் சீ. ஆனால் அந்த இசட் புள்ளிக்கு மருத்துவ பீடம் கிடைக்காது என்று அவருக்கே தெரியும். நமது அம்பாறை, கல்வி வசதி குறைந்த 16 மாவட்டங்களில் ஒன்று. அதற்கென உள்ள விசேட ஒதுக்கீட்டைச் சேர்த்துப் பார்த்தாலும் எட்டவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வாப்பாவுடன் ஒரு முகவர் வீட்டுக்கு வந்தார். பளபளப்பான கையேடு கொண்டுவந்திருந்தார். வெள்ளை அங்கி அணிந்த பிள்ளைகள், பின்னால் பனி மூடிய கட்டடம். "உலக சுகாதார ஸ்தாபனத்தின் அங்கீகாரம் பெற்றது" என்று பொன்னிற எழுத்தில் இருந்தது. இந்த மாதத்துக்குள் முற்பணம் கட்டினால் இடம் நிச்சயம் என்றார்.

அவர் போன பிறகு வாப்பா சொன்னார்: "சொறிக்கல்முனை வட்டையில கிடக்கிற ரெண்டு ஏக்கரையும் ஈடு வெச்சா முதல் வருஷம் போயிரும்."

"மிச்ச அஞ்சு வருஷம்?" என்று உம்மா கேட்டார். வாப்பாவிடம் பதில் இல்லை.

அன்றிரவு தொடங்கி இரண்டு மாதம் ராத்தாவும் நானும் தேடியவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். அடுத்த வருடம் உயர்தரம் எழுதப்போகிறவள் நானும்தான். எங்கள் வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் இதே கையேடு இருக்கிறது.

முதலில் அந்தப் பொன்னிற எழுத்தைப் பார்ப்போம். உலக சுகாதார ஸ்தாபனம் எந்த மருத்துவக் கல்லூரிக்கும் அங்கீகாரம் வழங்குவதில்லை. அது அதன் வேலையே அல்ல. முன்பு அந்த ஸ்தாபனம் உலக மருத்துவக் கல்லூரிகளின் விபரக்கொத்து ஒன்றை வெளியிட்டு வந்தது. பெயர் அதில் இருப்பதையே அங்கீகாரம் என்று பலர் சொல்லிப் பழகிவிட்டார்கள். இப்போதுள்ள உலக மருத்துவக் கல்லூரிகள் விபரக்கொத்தை வேறு அமைப்புகள் நடத்துகின்றன. அதில் பெயர் இருந்தால் அப்படியொரு கல்லூரி உண்டு என்று தெரியும். நல்ல கல்லூரியா என்று தெரியாது.

நமக்கு வேண்டிய அங்கீகாரம் கொழும்பில் இருக்கிறது. எந்த நாட்டில் படித்தாலும் இங்கே வைத்தியராகத் தொழில் செய்ய இலங்கை மருத்துவ சபையில் பதிவு வேண்டும். சபை ஏற்றுக்கொண்ட வெளிநாட்டுக் கல்லூரிகளின் பட்டியல் அதன் இணையத்தளத்தில் இருக்கிறது. பெயரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே நகரத்தில் ஏறக்குறைய ஒரே பெயரில் இரண்டு பல்கலைக்கழகம் இருக்கலாம். சந்தேகமென்றால் சபைக்கே எழுதிக் கேட்டு, பதிலைக் கடிதமாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முகவர் வாயால் சொல்வது ஆறு வருடத்துக்குப் பிறகு எந்தக் கருமபீடத்திலும் செல்லாது.

2018இல் வந்த விதிகள் நமது பெறுபேற்றுக்கும் ஒரு எல்லை வைத்திருக்கின்றன. உயர்தர விஞ்ஞானப் பாடங்களில் குறைந்தது இரண்டு சீயும் ஒரு எஸ்ஸும் வேண்டும். எந்தப் பாடத்தில் எது என்பதையும் சபையிடமே உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். "பெறுபேறு பரவாயில்லை, அங்கே எடுப்பார்கள்" என்று ஒருவர் சொன்னால் அது உண்மையாகவும் இருக்கலாம். அங்கே எடுப்பார்கள். இங்கே எடுக்கமாட்டார்கள்.

பட்டம் கையில் இருந்தும் பதிவு கிடைக்காவிட்டால் என்ன நடக்கும் என்பதை அறிய வெளிநாட்டுக்குப் போகத் தேவையில்லை. மாலபேயில் இயங்கிய சைட்டம் தனியார் மருத்துவக் கல்லூரியின் மாணவர்களைப் பதிவு செய்ய மருத்துவ சபை மறுத்தது. 2017 ஜனவரியில் மேன்முறையீட்டு நீதிமன்றம் பதிவு செய்யச் சொன்னது. சபை உயர் நீதிமன்றம் போனது. 2018 செப்டெம்பரில்தான் உயர் நீதிமன்றமும் மாணவர் பக்கம் தீர்ப்பளித்தது. எந்தப் பக்கம் நியாயம் என்று வாதாட நான் வரவில்லை. படித்து முடித்த பிள்ளைகள் வைத்தியசாலைக்குப் போகாமல் நீதிமன்றம் போனார்கள் என்பதை மட்டும் பெற்றோர் யோசிக்க வேண்டும்.

பட்டியலில் உள்ள கல்லூரியில் படித்தாலும் திரும்பி வந்ததும் நேரே வைத்தியசாலைக்குப் போக முடியாது. ஈ.ஆர்.பி.எம். என்னும் பதிவுப் பரீட்சையில் சித்தியடைய வேண்டும். பிறகு ஒரு வருட உள்ளகப் பயிற்சி. ஆகவே கல்லூரியைப் பார்க்கும்போது கட்டடத்தை விட்டுவிட்டு, அங்கே படித்த நம் நாட்டவர் அந்தப் பரீட்சையில் எப்படிச் செய்தார்கள் என்று கேளுங்கள். முகவர் தரும் இலக்கத்துக்கு அழைக்காமல், உங்கள் ஊரில் அங்கே படித்த ஒருவரைத் தேடிப் பிடித்துக் கேளுங்கள். நாங்கள் அப்படி ஒருவரைக் கண்டோம். அவர் சொன்னதில் பெரும்பகுதி மொழியைப் பற்றியதுதான்.

பாடம் ஆங்கிலத்தில் நடக்கும் என்று கையேடு சொல்லும். அது வகுப்பறைக்கு உண்மை. விடுதியில் படுத்திருக்கும் நோயாளி ஆங்கிலம் பேசமாட்டார். சீனாவில் சீனம், ரஷ்யாவில் ரஷ்யன், பங்களாதேஷில் வங்காளம். "எங்கே வலிக்கிறது, எப்போதிருந்து?" என்று கேட்டுப் பதிலை விளங்க முடியாதவர் ஓரமாக நின்று பார்த்துவிட்டுத்தான் வருவார். நோயாளியைத் தொட்டுப் படிக்காத வருடம், வருடமே அல்ல என்றார் அவர். ஆகவே முதல் இரண்டு வருடத்திலேயே அந்த மொழியைக் கற்பிக்கிறார்களா, கல்லூரிக்குச் சொந்த வைத்தியசாலை இருக்கிறதா, வெளிநாட்டு மாணவரை நோயாளியிடம் விடுகிறார்களா என்று கேட்க வேண்டும்.

இனிப் பணம். முகவர் டொலரில் சொல்வார், நாம் மனதில் ரூபாயாக மாற்றுவோம். 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபாய் அளவில் இருந்தது. மே மாதத்தில் 360ஐத் தாண்டியது. வருடக் கட்டணம் 5000 டொலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 இலட்சமாக இருந்தது இரண்டே மாதத்தில் 18 இலட்சம். வயலில் விளைவது டொலரில் விளைவதில்லை. அன்றைக்குப் படிப்பின் நடுவில் இருந்த பிள்ளைகளின் பெற்றோர் எப்படிச் சமாளித்திருப்பார்கள் என்று உம்மா அடிக்கடி கேட்பார். முதல் வருடக் காசு இருக்கிறதா என்று பார்ப்பது கணக்கல்ல. மூன்றாம் வருடத்தில் ரூபாய் மீண்டும் விழுந்தால் என்ன செய்வோம் என்பதையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

நாட்டின் நிலைமையும் உண்டு. 2020 பெப்ரவரியில் வூஹானிலிருந்து 33 இலங்கை மாணவர்களை விசேட விமானத்தில் அழைத்து வந்து தியத்தலாவையில் தனிமைப்படுத்தினார்கள். சீனாவில் படித்த பலருக்கு அதன் பிறகு நீண்ட காலம் பாடம் கைபேசித் திரையில்தான். 2022இல் உக்ரைனில் யுத்தம் தொடங்கியபோது ஆயிரக்கணக்கான இந்திய மாணவர்கள், அவர்களில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும், பாதிப் படிப்போடு ஊர் திரும்பினார்கள். இதையெல்லாம் முன்கூட்டி அறிய முடியாதுதான். ஆனால் இடைநடுவில் வேறு கல்லூரிக்கு மாறினால் இங்கே பதிவு கிடைக்குமா என்று இன்றே கேட்கலாம்.

பெண் பிள்ளைகளுக்கு இன்னொரு கேள்வியும் வீட்டில் வரும். பரீட்சை, பயிற்சி எல்லாம் முடிய 28 வயதாகிவிடுமே என்றார் பெரியும்மா. ராத்தா சிரித்துக்கொண்டு, "படிக்காட்டியும் எனக்கு 28 வயசு வரும்தானே பெரியும்மா" என்றார். வாப்பாவும் சிரித்துவிட்டார். விடுதி, சாப்பாடு, பாதுகாப்பு பற்றிய பெற்றோரின் கவலை வேறு. அது நியாயமானது. அங்கே இப்போது படிக்கும் ஒரு மாணவியோடு உம்மாவே நேரில் பேசுவதுதான் அதற்கு வழி.

சார்க் நாட்டு மாணவருக்கு பங்களாதேஷ் அரச மருத்துவக் கல்லூரிகளில் ஒதுக்கீட்டு இடங்கள் உண்டு என்பதையும் தேடும்போதுதான் அறிந்தோம். இடங்கள் குறைவு, பெறுபேறு நன்றாக இருக்க வேண்டும். எங்கள் முகவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கையேட்டில் இருந்த கல்லூரியின் பெயர் மருத்துவ சபையின் பட்டியலில் இல்லை. வாப்பா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் மேலிருந்து கீழாகப் பார்த்தார். பிறகு காணி உறுதியை எடுத்து அலுமாரியில் வைத்தார். ராத்தா இப்போது இரண்டாம் தடவைக்குப் படிக்கிறார். அவருடைய இரசாயனவியல் கொப்பியில்தான் நானும் படிக்கிறேன். இரவில் யாருக்கு முதலில் என்று சண்டை வரும்.