மலைப் பாதைக்கு டீசலா, பெட்ரோலா?

மணாலியிலிருந்து லே நகருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், சந்திரா நதியும் பாகா நதியும் சங்கமிக்கும் தாண்டி என்னும் சிற்றூரில் ஒரு பெட்ரோல் பங்க் உண்டு. அடுத்த பங்க் 365 கிலோமீட்டருக்கு அப்பால் என்று எச்சரித்த பலகையால் அந்த இடம் பிரயாணிகளிடையே பிரசித்தி பெற்றது. டீசல் வண்டி உயர்ந்ததா, பெட்ரோல் வண்டி உயர்ந்ததா என்று சமவெளியில் அமர்ந்துகொண்டு நாம் செய்யும் தர்க்கமெல்லாம் அவ்விடத்தைக் கடந்த பிறகுதான் பரீட்சைக்கு வருகிறது.

பெட்ரோல் எஞ்சினில் எரிபொருள் காற்றோடு கலந்து, ஸ்பார்க் பிளக்கின் பொறியால் எரிகிறது. காற்றைப் பதினைந்து பதினாறு மடங்கு அழுத்தி, அதனால் எழும் உஷ்ணத்திலேயே எண்ணெயைப் பீய்ச்சி எரியச் செய்யும் உபாயத்தை 1897-இல் ஆக்ஸ்பர்க் நகரில் வெற்றிகரமாக இயக்கிக் காட்டியவர் ருடால்ப் டீசல். அந்த அழுத்தத்தின் பலன்தான் டீசலின் சிக்கனம். தார் என்ற ஜீப் வகை வண்டியின் டாங்கி 57 லிட்டர் கொள்ளும். பெட்ரோலில் லிட்டருக்கு எட்டு கிலோமீட்டர் என்றால் 456 கிலோமீட்டர் ஓடலாம், டீசலில் பதினொன்று என்றால் 627 ஓடலாம். வழியில் மண்சரிவால் திரும்பி வர நேர்ந்தாலோ, இரவெல்லாம் ஹீட்டருக்காக எஞ்சினை ஓட விட நேர்ந்தாலோ, இந்த வித்தியாசத்தின் அருமை விளங்கும். கேனில் உபரியாக எடுத்துச் செல்வதற்கும், எளிதில் ஆவியாகித் தீப்பற்றும் பெட்ரோலைக் காட்டிலும் டீசலே அபாயம் குறைந்தது.

ஆயினும், எரிபொருளைவிட முக்கியமான விஷயம் ஒன்றை விளம்பரங்களில் மயங்குபவர்கள் கவனிப்பதில்லை. இந்த நெடுஞ்சாலையில் ஐயாயிரத்து முந்நூறு மீட்டருக்கு மேல் உயர்ந்த தங்லங் லா கணவாயில் காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழப் பாதிதான்; அரை மூச்சு வாங்கும் எஞ்சின் எதுவாயினும் அரைச் சக்தியைத்தான் தரும். அதே சாலையில் கட்டா லூப்ஸ் என்ற இருபத்தொரு கொண்டை ஊசி வளைவுகளில், டர்போ இல்லாத பழைய டீசல் லாரி, காற்றுப் போதாமல் எண்ணெய் அரைகுறையாக எரிந்து கரும்புகையைக் கக்கியபடி முதல் கியரிலேயே முனகிச் செல்வது இதனால்தான். டர்போ என்பது வெளியேறும் புகையின் வேகத்தாலேயே சுழன்று, மெல்லிய காற்றைத் திரட்டி உள்ளே தள்ளும் சாதனம். 2020-ஆம் ஆண்டுத் தாரின் கியர் மாற்றி ஓட்டும் ரகத்தில் பெட்ரோல் எஞ்சினும் சரி, டீசல் எஞ்சினும் சரி, டர்போவின் உதவியால் ஒரே 300 நியூட்டன் மீட்டர் இழுவையைத் தருகின்றன. குறைந்த வேகத்தில் இழுக்க டீசலால்தான் முடியும் என்ற பழைய சித்தாந்தம் இங்கே தளர்ந்துவிடுகிறது. டர்போ இல்லாத ஜிம்னி என்ற பெட்ரோல் ஜீப்போ, எடை குறைந்த வண்டியாதலால் ஏறிவிடும் என்றாலும், ஓட்டுபவர் பொறுமைசாலியாக இருத்தல் வேண்டும்.

குளிர்காலத்தில் டீசலின் கௌரவம் சற்றுக் குறைகிறது. அதிலுள்ள மெழுகு உறைந்து ஃபில்டரை அடைத்துவிட, காலையில் வண்டி கிளம்பாது. இந்தக் கஷ்டத்திற்காகவே, மைனஸ் 33 டிகிரி வரை உறையாத டீசலை இந்தியன் ஆயில் நிறுவனம் 2019 நவம்பரில் லடாக் பிரதேசத்தில் அறிமுகப்படுத்தியது. பெட்ரோலுக்கு இந்த உபத்திரவம் கிடையாது.

2020-இல் வந்த பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிகளுக்குப் பின் டீசல் வண்டிகளில் பொருத்தப்படும் புகைக்கரி வடிகட்டியும் ஒரு நிர்ப்பந்தம். அதில் சேரும் கரி எரிந்து போக, வண்டி சற்று நேரம் ஒரே சீரான வேகத்தில் ஓட வேண்டும். பாறைகளுக்கிடையே ஊர்ந்து செல்கையில் அதற்கு அவகாசம் ஏது? வழியில் வரும் மோரே சமவெளியின் நீண்ட நேர்சாலை கிடைக்கும்போது, எச்சரிக்கை விளக்கு எரிந்தால், வண்டியை நிறுத்தாமல் ஓட்டி அந்தக் காரியத்தை முடித்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

என் அபிப்பிராயத்தில், வண்டி நிறையச் சுமையோடு கோடைக்காலத்தில் நெடும் பிரயாணம் போகிறவர்களுக்கு டர்போ டீசலே ஏற்றது. ஆண்டுக்கு ஒருமுறை மலையேறி, மற்ற நாட்களில் நகரத்துக்குள்ளேயே சிறுதூரம் உலவும் வண்டிக்கு டர்போ பெட்ரோலே போதும்.