குமாஸ்தாவுக்குச் சாவி எதற்கு?

ஒரே சுற்றுச்சுவருக்குள் பல குடித்தனங்கள் வாழும் வீட்டைப் பார்த்திருப்பீர்கள். வாசல் ஒன்றுதான், தபால்காரர் வருவதும் அங்கேதான். இன்றைய கணிப்பொறிகள் பலவும் இத்தகையனவே. ஒரே இயந்திரத்தில் பல ‘மெய்நிகர்க் கணிப்பொறிகள்’ குடியிருக்கின்றன. ஒவ்வொன்றும் தான் தனி வீட்டில் வசிப்பதாகவே எண்ணிக்கொள்ளும். அவற்றைப் பிரித்துவைக்கும் மென்பொருளுக்கு ஹைப்பர்வைசர் என்று பெயர். ஆனால் வெளியுலகோடு இணைக்கும் நெட்வொர்க் அட்டையோ பெரும்பாலும் ஒன்றுதான். அதை இயக்கும் நிரலாகிய ‘டிரைவரை’ எங்கே குடிவைப்பது?

கணிப்பொறியின் உயிர்நிலையான கெர்னலுக்குள்ளேயே வைப்பது வழக்கம். இதில் ஆபத்து உண்டு. 2001-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் லினக்ஸ் கெர்னலை ஆராய்ந்தனர். டிரைவர்களின் பிழை விகிதம் மற்றப் பகுதிகளைவிட 3 முதல் 7 மடங்கு வரை அதிகம் எனக் கண்டனர். அடிக்கடி தவறு செய்பவரிடம் எல்லா வீட்டுச் சாவிகளையும் கொடுக்கலாமா?

மைக்ரோகெர்னல் முறையில் கெர்னல் மிகச் சிறியது. ஆஸ்திரேலியாவில் உருவான எஸ்இஎல்4 என்பதில் சுமார் 8,700 வரிகளே இருந்தன. வகுத்த விதிப்படியே அது இயங்கும் என்று 2009-இல் கணித முறையில் மெய்ப்பித்தார்கள். அதை வாயிற்காவலர் எனலாம். சாவிகள் அதனிடம் மட்டுமே. டிரைவர், வாசலையொட்டிய தனியறையில் அமர்ந்த தபால் குமாஸ்தா.

சாவி இல்லாமல் தபால் எப்படி வீடு சேரும்? குமாஸ்தாவுக்கும் வீட்டுக்கும் பொதுவாக ஓர் அலமாரி உண்டு. நினைவகத்தில் இருவரும் தொடக்கூடிய ஒரு பகுதியே அது. செய்தியை அதில் வைத்துவிட்டு மணி அடிப்பார்கள். மணியோசை காவலர் வழியாகவே செல்லவேண்டும். அதற்கு நேரம் பிடிக்கும். கணக்கிட்டுப் பாருங்கள். வினாடிக்கு 100 கோடி பிட்டுகள் செல்லும் கம்பியில், ஒரு முழுச் செய்தித் துண்டு இடைவெளியும் சேர்த்து 1,538 பைட்டுகள். ஆகவே வினாடிக்குச் சுமார் 81,000 துண்டுகள். ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது 12 மைக்ரோவினாடிதான்! எனவே பலவற்றை அடுக்கிவிட்டு ஒரே முறை மணி அடிக்கிறார்கள். ‘விர்ட்டியோ’ என்னும் முறையில் இதற்கு இடமுண்டு.

இங்கே ஒரு கொல்லைப்புற வழியும் இருக்கிறது. நெட்வொர்க் அட்டை, செயலியைக் கேட்காமலே நினைவகத்தில் நேராக எழுத வல்லது. குமாஸ்தா தவறான முகவரியைக் கொடுத்தால் அட்டை அண்டை வீட்டிலேயே எழுதிவிடும். காவலருக்குத் தெரியவே தெரியாது. அட்டை தொடும் ஒவ்வொரு முகவரியையும் சரிபார்க்க ஐ.ஓ.எம்.எம்.யூ. என்ற தனிச் சுற்று வேண்டும். அது இல்லாத இயந்திரத்தில் குமாஸ்தாவைத் தனியறையில் வைத்தது அரைப் பாதுகாப்புதான் என்பேன்.

இவ்வளவு கட்டுப்பாடு எதற்கு? அமெரிக்காவில் ‘லிட்டில் பேர்ட்’ என்னும் ஆளில்லா ஹெலிகாப்டரின் கணிப்பொறியில் எஸ்இஎல்4 பொருத்தப்பட்டது. 2015-இல், அக்கணிப்பொறியின் ஓர் அறையை ஊடுருவல் வல்லுநர்களிடம் முன்கூட்டியே ஒப்படைத்து, ஹெலிகாப்டரைக் கைப்பற்றும்படி சவால் விட்டார்கள். அந்த அறையைத் தாண்டி அவர்களால் போக முடியவில்லை.